ரெஜிஸ்டர் நிரலைக் கையால் எழுதுவதா, எஸ்விடி கோப்பிலிருந்து உருவாக்குவதா? (ஏரேட்டர் கட்டுப்பாட்டுப் பலகை, எஃப்103-இலிருந்து ஜி030-க்கு மாற்றம்)

முதுநகர் | கடலூர் முதுநகர்

வணக்கம். பரங்கிப்பேட்டை, கிள்ளை பக்கத்து இறால் பண்ணைகளுக்கு ஏரேட்டர் (குளத்து நீரில் காற்றைக் கலக்கும் இயந்திரம்) கட்டுப்பாட்டுப் பெட்டி செய்து தருவது எங்கள் பட்டறையின் தொழில். மூன்று பேஸ் மின்சாரமும் வருகிறதா, ஒவ்வொரு மோட்டாரும் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஏதாவது நின்றால் ஜெனரேட்டரைக் கிளப்பி, பண்ணைக்காரரின் கைபேசிக்கு அழைப்பு விடும். விடியலுக்குச் சற்று முன்தான் குளத்து நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் பெட்டி தூங்கிவிட்டால் ஒரு பருவத்து முதலே போய்விடும். அதனால் ஃபர்ம்வேரில் (சிப்புக்குள் ஓடும் நிரலில்) "பெரும்பாலும் சரியாக ஓடும்" என்ற பேச்சுக்கு இடமில்லை.

இதுவரை பெட்டிக்குள் இருந்த மைக்ரோகண்ட்ரோலர் சிப் எஸ்டிஎம்32எஃப்103. இப்போது விலை காரணமாக எஸ்டிஎம்32ஜி030-க்கு மாறுகிறோம். 20 கேபி ரேமிலிருந்து 8 கேபிக்கு இறங்குகிறோம் என்பது தனிக் கவலை. நிரல் முழுவதும் சி மொழி. எழுதியவர் துபாய் போய்விட்டார். அவர் எல்லா ரெஜிஸ்டருக்கும் (சிப்பின் பாகங்களை இயக்க எழுதும், படிக்கும் முகவரிகளுக்கும்) ஒரே மேக்ரோ வைத்திருக்கிறார்: எந்த முகவரியும் கொடுக்கலாம், எந்த எண்ணும் கொடுக்கலாம், கம்பைலர் வாய் திறக்காது. யூசார்ட்டுக்கு உரிய பிட் மாறிலியை எஸ்பிஐ ரெஜிஸ்டரில் எழுதும் வரி ஒன்று அதில் இருக்கிறது (இரண்டும் வெவ்வேறு தொடர்புப் பாகங்கள்). அந்தப் பலகையில் எஸ்பிஐ பயன்பாட்டில் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை.

சிப்பின் ரெஜிஸ்டர்களை விவரிக்கும் எஸ்விடி கோப்பிலிருந்து வகைப் பாதுகாப்புள்ள (பொருந்தாத மதிப்பைக் கம்பைலரே தடுக்கும்) நிரலை உருவாக்கிக்கொள்ளலாம், ரஸ்ட் மொழியில் அதற்குக் கருவி இருக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னார். எங்கள் பட்டறையில் ரஸ்ட் தெரிந்தவர் யாரும் இல்லை. இது எதிலிருந்து காப்பாற்றும், எதிலிருந்து காப்பாற்றாது என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். நிரல் பருத்துவிடுமா என்பதையும் சொல்லுங்கள்.

---

பிட்மாஸ்க் | தட்டாஞ்சாவடி, புதுச்சேரி

எஸ்விடி என்பது ஆர்ம் நிறுவனத்தின் சிஎம்எஸ்ஐஎஸ் தரத்தில் வரும் எக்ஸ்எம்எல் கோப்பு. சிப்புக்குள் என்னென்ன பெரிஃபெரல்கள் (டைமர், யூசார்ட் போன்ற துணைப் பாகங்கள்), ஒவ்வொன்றும் எந்த முகவரியில் தொடங்குகிறது, அதற்குள் எந்தத் தூரத்தில் எந்த ரெஜிஸ்டர், அதில் எத்தனையாவது பிட் எதற்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். டீபக்கரில் (பிழை தேடும் கருவியில்) ரெஜிஸ்டர்களைப் பெயருடன் காட்டும் சன்னல் இந்தக் கோப்பைத்தான் படிக்கிறது. அதே கோப்பிலிருந்து நிரலையும் உருவாக்கலாம் என்பதுதான் நீங்கள் கேள்விப்பட்ட செய்தி. ரஸ்ட்டில் அந்தக் கருவியின் பெயர் எஸ்விடி-டு-ரஸ்ட். 2018-இல் அமைந்த ரஸ்ட் எம்பெடட் பணிக்குழு அதைப் பராமரிக்கிறது.

உங்கள் மாற்றத்தையே எடுத்துக்கொள்வோம். எஃப்103-இல் ஜிபிஐஓ ஏ (சிப்பின் பின்களை இயக்கும் ஏ போர்ட்) தொடங்கும் முகவரி, பதினாறடிமானத்தில், 40010800. பின்களை ஏற்றி இறக்கும் அதன் பிஎஸ்ஆர்ஆர் ரெஜிஸ்டர் 10 தள்ளி இருக்கிறது, அதாவது 40010810. ஜி030-இல் ஜிபிஐஓ ஏ 50000000-இல் தொடங்குகிறது, பிஎஸ்ஆர்ஆர் 18 தள்ளி 50000018-இல். இதைவிடக் கொடுமை, பழைய சிப்பில் பிஎஸ்ஆர்ஆர் இருந்த 10 என்ற தூரத்தில் புதிய சிப்பில் இருப்பது ஐடிஆர், உள்ளீட்டைப் படிக்க மட்டுமே உதவும் ரெஜிஸ்டர். எங்கோ ஓரிடத்தில் தூரத்தை எண்ணாகவே எழுதி வைத்திருந்தால் ரிலேவை நிறுத்தச் சொல்லும் கட்டளை ஐடிஆருக்குப் போகும். பிழையும் வராது, ரிலேவும் நிற்காது.

உருவாக்கிய நிரலில் இந்தத் தவறு நுழைய வழியில்லை. ஒவ்வொரு ரெஜிஸ்டரும் தனி வகை. ஐடிஆர் படிக்க மட்டும் என்று எஸ்விடி சொன்னால், அதற்கு எழுதும் செயற்கூறே உருவாகாது. பிஎஸ்ஆர்ஆர் எழுத மட்டும் என்றால் படிக்கும் செயற்கூறு இருக்காது. இல்லாததை அழைத்தால் கம்பைல் ஆகாது.

அடுத்த படி பிட் தொகுதிகள். ஜி030-இல் ஒவ்வொரு பின்னுக்கும் மோடர் ரெஜிஸ்டரில் இரண்டு பிட்: உள்ளீடு, வெளியீடு, மாற்றுப் பணி, அனலாக். நான்கு மதிப்புக்கும் எஸ்விடியில் பெயர் இருந்தால், அந்த நான்கு பெயர்களில் ஒன்றைத்தான் எழுத முடியும். மூன்று பிட் தொகுதியில் ஐந்துக்குத்தான் பெயர் இருக்கிறது என்றால், பெயர் சொல்லி எழுதுவது தடையில்லாமல் நடக்கும். வெறும் எண்ணாக எழுத வேண்டுமானால் அந்த இடத்தில் 'அன்சேஃப்' என்று கைப்பட எழுதியாக வேண்டும். பிறகு தணிக்கை செய்பவர் அந்தச் சொல்லைத் தேடினாலே போதும், ஆபத்தான வரிகள் எல்லாம் கிடைத்துவிடும்.

பருமன் பற்றி: ரெஜிஸ்டர் வகைகள் ரேமில் ஒரு பைட்டும் எடுக்காது. ஆப்டிமைசேஷனுடன் கம்பைல் செய்தால் எல்லா அடுக்கும் கரைந்து, ஒரு லோட், ஒரு மாஸ்க், ஒரு ஸ்டோர் என்று கையால் எழுதிய அளவுக்கே வந்து நிற்கும். ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்தால் மட்டும் பெருத்துப் போகும்.

---

சாலிடர்புகை | மஞ்சக்குப்பம், கடலூர்

எட்டு பிட் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் கொஞ்சம் குளிர்ந்த நீர் தெளிக்கிறேன்.

எஸ்விடி கோப்பு வானத்திலிருந்து விழவில்லை. சிப் நிறுவனத்தில் யாரோ ஒருவர் நிரப்பியது. பிட் அகலம் தவறு, படிக்க மட்டும் என்று குறிக்க வேண்டியதைக் குறிக்காமல் விட்டது, ஒரே குடும்பத்து இரண்டு சிப்பில் ஒரே ரெஜிஸ்டருக்கு இரண்டு பெயர், மதிப்புகளுக்குப் பெயரே இல்லாமை என எல்லாம் உண்டு. அந்தக் கோப்பிலிருந்து பிறக்கும் வகைகளும் அதே தவறோடுதான் பிறக்கும். கையால் எழுதிய தவறை மனிதன் சந்தேகப்படுவான். கருவி எழுதிய தவறை யார் சந்தேகப்படுவார்?

இரண்டாவது, களத்தில் நம்மைக் கடிக்கும் பூச்சிகள் வேறு. பெரிஃபெரலுக்குக் கிளாக் (இயங்கத் தேவையான துடிப்பு) கொடுக்காமல் அதில் எழுதுவது. வரிசை மாற்றி எழுதுவது. ஃபிளாஷ் பூட்டைத் திறக்க முதல் சாவியாக 45670123 எழுத வேண்டும், பிறகுதான் இரண்டாவது சாவி. வரிசை பிறழ்ந்தால் அடுத்த ரீசெட் வரை திறக்காது. இதெல்லாம் எந்த வகைக்குத் தெரியும்? ரெஜிஸ்டர் என்பது மாறி அல்ல, ஒரு நடத்தை. எக்ஸ்எம்எல் கோப்பில் முகவரி இருக்கும், நடத்தை இருக்காது.

மூன்றாவது, உற்பத்தியாளரின் சி ஹெடர் (அறிவிப்புக் கோப்பு) போதும். அதில் பெயர்களும் இருக்கின்றன, தூரங்களும் இருக்கின்றன. முதுநகர் தம்பி, அந்தப் பழைய மேக்ரோவைத் தூக்கி எறிந்துவிட்டு ஒழுங்கான ஹெடரைச் சேர்த்தாலே பாதி நோய் தீரும்.

---

பிட்மாஸ்க் | தட்டாஞ்சாவடி, புதுச்சேரி

ஐயா சொன்ன முதல் இரண்டும் சரி. மூன்றாவதை ஏற்க முடியவில்லை.

அந்த ஹெடரைத் திறந்து ஜிபிஐஓ பகுதியைப் பாருங்கள். ஐடிஆர்கூட மற்ற ரெஜிஸ்டர்களைப் போலவே 'படிக்கலாம், எழுதலாம்' என்றுதான் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதில் எழுதினால் கம்பைலர் எச்சரிக்காது. சிஎம்எஸ்ஐஎஸ் ஹெடர்களில் படிக்க மட்டும் என்பதற்குக் கான்ஸ்ட் உதவும். எழுத மட்டும் என்பதற்கு சி மொழியில் எந்தத் தகுதிச்சொல்லும் கிடையாது, அது வெறும் வாலட்டைல்தான். எல்லா ரெஜிஸ்டரும் ஒரே 32 பிட் எண் என்பதால் யூசார்ட் மாறிலியை எஸ்பிஐயில் எழுதும் அந்த வரி இந்த ஹெடரோடும் சத்தமில்லாமல் கம்பைல் ஆகும்.

நடத்தையைப் பொறுத்தவரை, எஸ்விடி முழு ஊமை அல்ல. எஃப்103-இல் எக்ஸ்டிஐ என்பது வெளிச் சிக்னலால் இன்டரப்ட் (நடக்கும் வேலையை இடைமறிக்கும் அழைப்பு) எழுப்பும் பாகம், அதன் நிலுவை ரெஜிஸ்டரில் ஒரு கொடியின் இடத்தில் 1 எழுதினால் அந்தக் கொடி அழியும். பலரும் அதைப் படித்து, ஆர் (OR) செயலால் தங்கள் பிட்டைச் சேர்த்து, திரும்ப எழுதுகிறார்கள். அப்போது அந்த நொடியில் நிலுவையில் இருந்த எல்லாக் கொடிகளும் 1 ஆகப் படிக்கப்பட்டு, 1 ஆகவே திரும்ப எழுதப்பட்டு, மொத்தமும் அழிகிறது. டைமரின் எஸ்ஆர் ரெஜிஸ்டர் இதற்கு நேர்மாறு, அங்கே 0 எழுதினால்தான் அழியும். ஒரு கொடியை அழிக்கப் படித்து மாஸ்க் செய்து எழுதுவதற்குள் வன்பொருள் இன்னொரு கொடியை எழுப்பினால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

இந்த இரண்டு நடத்தையையும் எஸ்விடியில் குறிக்க இடம் இருக்கிறது: '1 எழுதினால் அழியும்', '0 எழுதினால் அழியும்' என்று தனிக் குறிகள். எஸ்விடி-டு-ரஸ்ட் அவற்றைப் படித்து, மாற்றியெழுதும் செயற்கூறில் அத்தகைய பிட்களைத் தீங்கற்ற மதிப்பில் வைத்துவிடுகிறது. நீங்கள் தொடாத கொடி அழியாது. கோப்பில் அந்தக் குறி இல்லாவிட்டால் கருவியால் ஒன்றும் செய்ய முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

---

அலைவரிசை | காலாப்பட்டு

மாணவி ஒருத்தியின் அடிப்படைக் கேள்வி. எழுதுவது, மாற்றியெழுதுவது என்று இரண்டு தனிச் செயற்கூறுகள் எதற்கு? முதலாவதில் நான் குறிப்பிடாத பிட்கள் என்ன ஆகும்?

---

பிட்மாஸ்க் | தட்டாஞ்சாவடி, புதுச்சேரி

நல்ல கேள்வி, தங்கை. சி மொழியில் ஒரு ரெஜிஸ்டருக்குச் சமன்குறி போட்டு எழுதினால் குறிப்பிடாத பிட் எல்லாம் 0. உருவாக்கிய நிரலில் எழுதும் செயற்கூறு 0-இலிருந்து தொடங்குவதில்லை. எஸ்விடியில் உள்ள ரீசெட் மதிப்பிலிருந்து தொடங்கி, நீ சொன்னதை மட்டும் மாற்றி எழுதும். மாற்றியெழுதும் செயற்கூறு ரெஜிஸ்டரில் இப்போது இருப்பதைப் படித்து, அதன்மேல் மாற்றும்.

இதன் பயன் ஜி030-இல் நன்றாகத் தெரியும். ஜிபிஐஓ ஏ-யின் 13, 14 பின்கள் டீபக்கருக்கு உரியவை. ரீசெட்டுக்குப் பிறகு மோடர் ரெஜிஸ்டரில் அவை மட்டும் மாற்றுப் பணியில் இருக்கும், மற்றவை அனலாக்கில். சியில் ஒரு பின்னை வெளியீடாக்க நினைத்துச் சமன்குறியால் எழுதினால் 13, 14 இரண்டும் உள்ளீடாகி, டீபக்கர் பலகையைக் காணோம் என்று சொல்லும். ஆய்வகத்தில் சிப் செத்துவிட்டது என்று குப்பையில் போடும் பலகைகளில் சில இப்படிப்பட்டவைதான். ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு டீபக்கரை இணைத்தால் பிழைத்துவிடும். பழைய எஃப்103-இல் பின் அமைப்பு ரெஜிஸ்டரின் ரீசெட் மதிப்பு 44444444, எல்லாப் பின்னும் மிதக்கும் உள்ளீடு. அங்கும் 0-இலிருந்து தொடங்கினால் எல்லாப் பின்னும் அனலாக்காகிவிடும்.

---

கெடிலக்கரை | திருப்பாதிரிப்புலியூர்

எஃப்103-ஐ இன்னும் கைவிடாதவர்களுக்கு ஒரு குறிப்பு. வகைகள் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் நழுவும் இடம் ஒன்று உண்டு.

ஏஎஃப்ஐஓ பெரிஃபெரலில் மேப்பர் என்ற ரெஜிஸ்டர். பின் இடமாற்றத்துக்கான பிட்கள் அதில்தான். கூடவே ஜேடேக், எஸ்டபிள்யூடி என்ற டீபக்கர் இணைப்பைத் தீர்மானிக்கும் மூன்று பிட்களும் அங்கேயே. அந்த மூன்றும் எழுத மட்டும். படித்தால் என்ன வரும் என்பது வரையறுக்கப்படவில்லை என்று மேனுவலே சொல்கிறது. மற்ற பிட்கள் படிக்கவும் எழுதவும் ஏற்றவை. இப்போது யூசார்ட்டுக்குப் பின் மாற்ற வேண்டும் என்று மாற்றியெழுதும் செயற்கூறை அழைக்கிறீர்கள். உங்கள் நிரல் அந்த மூன்று பிட்டைப் பெயர் சொல்லிப் படிக்கவில்லை, அதனால் கம்பைலருக்குத் திருப்தி. ஆனால் உள்ளே முழு 32 பிட்டும் படிக்கப்பட்டு, அந்த மூன்று இடத்தில் எது வந்ததோ அதுவே திரும்ப எழுதப்படுகிறது.

எஃப்1 குடும்பத்துக்கான ரஸ்ட் ஹால் (வன்பொருளை எளிதாக அணுகத் தரும்) நூலகம் இதைச் சமாளிக்க, ஜேடேக்கை நிறுத்தியிருக்கிறோமா என்பதைத் தனி மாறியில் நினைவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அந்த பிட்களைச் சேர்த்தே எழுதுகிறது. அந்த அறிவு எஸ்விடியிலிருந்து வரவில்லை, மேனுவலை ஒருவர் உட்கார்ந்து படித்ததால் வந்தது.

---

சாலிடர்புகை | மஞ்சக்குப்பம், கடலூர்

இதைத்தான் சொன்னேன். கெடிலக்கரைக்கு என் சார்பில் ஒரு தேநீர்.

முதுநகர் தம்பிக்கு இன்னொன்று. எஃப்103 கார்ட்டெக்ஸ் எம்3. அதில் பிட் பேண்டிங் உண்டு: 40000000-இல் தொடங்கும் பெரிஃபெரல் பகுதியின் ஒவ்வொரு பிட்டுக்கும் 42000000 பகுதியில் ஒரு முழு வேர்டு. அங்கே எழுதினால் ஒரு பிட் மட்டும் மாறும். பழைய ஆட்கள் ரிலேவுக்கு அதைத்தான் விரும்பிப் பயன்படுத்துவோம். ஜி030 எம்0+ சிப், அதில் இந்த வசதி இல்லை. உங்கள் நிரலில் 42 என்று தொடங்கும் முகவரிகளைத் தேடிப் பாருங்கள்.

---

முதுநகர் | கடலூர் முதுநகர்

தேடினேன் ஐயா, இருக்கின்றன. ரிலேக்கள் எல்லாமே அந்த வழியில்தான் ஓடுகின்றன. அதை ஓடிஆர் (பின்களின் வெளியீட்டு மதிப்பு) ரெஜிஸ்டரில் படித்து மாற்றி எழுதும்படி மாற்றிக்கொள்ளலாமா?

---

பிட்மாஸ்க் | தட்டாஞ்சாவடி, புதுச்சேரி

வேண்டாம். உங்கள் பெட்டிக்கு இதுதான் மிக ஆபத்தான இடம்.

ரிலேயும் நிலைகாட்டும் எல்இடியும் ஒரே போர்ட்டில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதன்மைச் சுற்று எல்இடியை மாற்றுவதற்காக ஓடிஆரைப் படிக்கிறது. அப்போது ரிலே பிட் 1. படித்த மறுகணம், ஒரு பேஸ் போய்விட்டது என்று இன்டரப்ட் வருகிறது. இன்டரப்ட் நிரல் மோட்டாரைக் காக்க ரிலே பிட்டை 0 ஆக்கிவிட்டுத் திரும்புகிறது. முதன்மைச் சுற்று தான் படித்து வைத்திருந்த பழைய மதிப்பில் எல்இடியை மட்டும் மாற்றி எழுதுகிறது. ரிலே மறுபடியும் 1. இரண்டு பேஸில் மோட்டார் உறுமிக்கொண்டே காயில் கருகும். மேசையில் எத்தனை முறை சோதித்தாலும் இது அகப்படாது. ஐப்பசி மழையில் மின்சாரம் போய்ப் போய் வரும் இரவில் அகப்படும்.

பிஎஸ்ஆர்ஆர் இதற்காகவே இருக்கிறது. கீழ் 16 பிட்டில் 1 எழுதினால் அந்தப் பின் மேலேறும், மேல் 16 பிட்டில் 1 எழுதினால் கீழிறங்கும், 0 எழுதிய இடம் அசையாது. படிக்கும் வேலையே இல்லாததால் நடுவில் யாரும் புக முடியாது. சியிலும் இது அப்படியே வேலை செய்யும், வகை ஒன்றும் தேவையில்லை.

ரஸ்ட் இங்கே கூடுதலாகச் செய்வது உரிமை. உருவாக்கிய நிரலில் பெரிஃபெரல்கள் மொத்தத்தையும் 'டேக்' செயற்கூறு வழியாக ஒரே முறைதான் கையில் எடுக்க முடியும், இரண்டாம் முறை ஒன்றும் கிடைக்காது. ஜிபிஐஓவை முதன்மைச் சுற்று வைத்திருந்தால் இன்டரப்ட் நிரல் அதைத் தொட முடியாது. தொட வேண்டுமானால் இன்டரப்டை நிறுத்திவைக்கும் பகுதிக்குள் வைத்துப் பகிர வேண்டும். 'ஸ்டீல்' என்ற பின்கதவு உண்டு. அதையும் அன்சேஃப் என்று அறிவித்துவிட்டுத்தான் திறக்க முடியும்.

---

நெறியாளர்

எந்த மொழி உயர்ந்தது என்ற சண்டைப் பதிவுகள் சில நீக்கப்பட்டுள்ளன. கேள்வி இறால் குளத்தைப் பற்றியது. அதிலேயே நில்லுங்கள்.

---

முதுநகர் | கடலூர் முதுநகர்

எல்லோருக்கும் நன்றி. அடுத்த பருவ விதைப்புக்குள் பெட்டி தயாராக வேண்டும். அதற்குள் பட்டறையில் நாங்கள் மூவரும் ரஸ்ட் கற்று முடிப்பது நடக்காது. சியிலேயே இருந்துகொண்டு இந்தப் பயன்களில் எதையாவது பெற முடியுமா?

---

கெடிலக்கரை | திருப்பாதிரிப்புலியூர்

முடியும், நிறையவே.

முதலில் ஓர் எச்சரிக்கை. எஸ்விடியிலிருந்து சி ஹெடர் உருவாக்கும் எஸ்விடிகான்வ் என்ற கருவியை ஆர்மே தருகிறது. அது பிட் தொகுதிகளைச் சி மொழியின் பிட்ஃபீல்டுகளாக எழுதித் தரும். பார்க்க மிக அழகாக இருக்கும். ஆனால் பிட்ஃபீல்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதை சி தரம் கம்பைலரிடமே விட்டுவிடுகிறது. மேலும் ஒரு பிட்ஃபீல்டுக்கு மதிப்பு கொடுப்பது ஒரே வரியாகத் தெரிந்தாலும் உள்ளே நடப்பது படித்து, மாற்றி, எழுதுவது. '1 எழுதினால் அழியும்' கொடிகள் உள்ள ரெஜிஸ்டரில் அதைச் செய்தால் பிட்மாஸ்க் சொன்ன விபத்து அப்படியே நடக்கும், அதுவும் கண்ணுக்குத் தெரியாமல்.

நாங்கள் செய்வது வேறு. பைத்தானில் எஸ்விடியைப் படிக்க நூலகங்கள் உண்டு. அதன்மேல் சிறிய நிரல் ஒன்று எழுதி, தேவையான பெரிஃபெரல்களுக்கு மட்டும் ஹெடர் உருவாக்குகிறோம். ஒவ்வொரு ரெஜிஸ்டரின் மதிப்புக்கும் ஒரே ஓர் உறுப்பு கொண்ட தனி ஸ்ட்ரக்ட். யூசார்ட்டின் சிஆர்1 மதிப்பு ஒரு வகை, எஸ்பிஐயின் சிஆர்1 மதிப்பு வேறு வகை. உள்ளே இரண்டும் 32 பிட் எண்தான், ஆனால் ஒன்றை மற்றொன்றின் எழுதும் செயற்கூறுக்குக் கொடுத்தால் சி கம்பைலரே பொருந்தா வகை என்று நிறுத்திவிடும். உங்கள் துபாய்க்காரரின் அந்த வரி அன்றே பிடிபட்டிருக்கும்.

எழுத மட்டுமான ரெஜிஸ்டருக்குப் படிக்கும் செயற்கூறை உருவாக்குவதில்லை. 1 எழுதி அழிக்கும் ரெஜிஸ்டருக்கு மாற்றியெழுதும் செயற்கூறே கிடையாது, 'அழி' என்று ஒன்றுதான். எல்லாம் ஸ்டாட்டிக் இன்லைன், ஆப்டிமைசேஷனில் கரைந்துவிடும். கூடவே ஒவ்வொரு ரெஜிஸ்டரின் தூரத்துக்கும் ஸ்டாட்டிக் அசர்ட் (கம்பைல் நேரச் சோதனை) ஒன்று. ஸ்ட்ரக்டின் நடுவே ஒதுக்கிய இடம் ஒன்று விடுபட்டாலும் கம்பைல் நின்றுவிடும்.

உரிமைச் சோதனை மட்டும் சியில் வராது. அதை ஒழுக்கத்தால்தான் ஈடுகட்ட வேண்டும்.

---

சாலிடர்புகை | மஞ்சக்குப்பம், கடலூர்

இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் எஸ்விடி தவறாக இருந்தால் என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

---

பிட்மாஸ்க் | தட்டாஞ்சாவடி, புதுச்சேரி

அதற்கு ரஸ்ட்காரர்கள் கண்ட வழி மொழி எதுவானாலும் பயன்படும். எஸ்டிஎம்32-ஆர்எஸ் என்ற சமூகத் திட்டம் உற்பத்தியாளரின் எஸ்விடியைத் தொடுவதில்லை. தவறுகளை யாமல் வடிவத் திருத்தக் கோப்புகளில் எழுதி வைக்கிறார்கள்: இந்தத் தொகுதியின் அகலம் இவ்வளவு, இந்த மதிப்புக்கு இந்தப் பெயர், இந்த ரெஜிஸ்டரை நீக்கு. எஸ்விடி டூல்ஸ் என்ற கருவி மூலக் கோப்பின்மேல் அந்தத் திருத்தங்களைப் போட்டுப் புதிய எஸ்விடியைத் தருகிறது. உற்பத்தியாளர் புதிய பதிப்பு வெளியிட்டால் திருத்தங்களை அதன்மேல் மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஜி0 குடும்பத்துக்கும் திருத்தங்கள் இருக்கின்றன. அவற்றைப் போட்ட எஸ்விடியையே கெடிலக்கரை சொன்ன பைத்தான் நிரலுக்கு ஊட்டலாம்.

என் கருத்தைக் கேட்டால், மேனுவலைப் பக்கம் பக்கமாகப் படித்து நிரப்ப வேண்டிய இடம் இந்தத் திருத்தக் கோப்புதான். உருவாகும் ஹெடரைக் கையால் தொடுவது குற்றம். ஹெடரில் ஒரு தவறு கண்டால், தூக்கம் வந்தாலும் சரி, திருத்தக் கோப்பில் எழுதிவிட்டு மறுபடி உருவாக்க வேண்டும்.

---

அலைவரிசை | காலாப்பட்டு

எஸ்விடியே இல்லாத சிப் என்றால்? எங்கள் செயல்திட்டத்துக்கு ஆர்ஐஎஸ்சி-வி (ஆர்ம் அல்லாத, திறந்த செயலி வடிவமைப்பு) அடிப்படையிலான இந்திய சிப் ஒன்றைப் பார்க்கிறோம், சி-டாக் நிறுவனத்தின் தேஜஸ்32.

---

பிட்மாஸ்க் | தட்டாஞ்சாவடி, புதுச்சேரி

எஸ்விடி ஆர்ம் தந்த வடிவம் என்றாலும் ஆர்மோடு கட்டுண்டதல்ல. எஸ்விடி-டு-ரஸ்ட் ஆர்ஐஎஸ்சி-வியையும் ஏற்கும், எஸ்ப்ரெசிஃப் நிறுவனம் தன் சிப்களுக்கு இந்த வழியில்தான் ரஸ்ட் நிரல் தருகிறது. உற்பத்தியாளரிடமிருந்து கோப்பு கிடைக்காவிட்டால், நீ தொடப்போகும் பெரிஃபெரல்களுக்கு மட்டும் மேனுவலைப் பார்த்து நீயே எஸ்விடி எழுதலாம். அல்லது டாக் இயக்க முறைமையிலிருந்து வந்த டாக்-ரெஜிஸ்டர்ஸ் நூலகம் இருக்கிறது. அதில் ரெஜிஸ்டர் விவரத்தை ரஸ்ட் மேக்ரோவிலேயே கையால் எழுதுவார்கள். ஐந்தாறு ரெஜிஸ்டர்தான் என்றால் அதுவே எளிது.

---

முதுநகர் | கடலூர் முதுநகர்

நிலவரம் சொல்கிறேன். சியிலேயே இருக்கிறோம். திருத்திய எஸ்விடியிலிருந்து ஆர்சிசி (கிளாக், ரீசெட் கட்டுப்பாடு), ஜிபிஐஓ, எக்ஸ்டிஐ, யூசார்ட், ஒரு டைமர், ஏடிசி (அனலாக் சிக்னலை எண்ணாக்குவது), வாட்ச்டாக் (நிரல் உறைந்தால் ரீசெட் செய்வது) ஆகியவற்றுக்கு மட்டும் ஹெடர் உருவாக்கினோம். வாட்ச்டாக்கின் சாவி ரெஜிஸ்டர் மிக அழகாக வந்தது: எழுத மட்டும், அதற்கு மூன்றே மதிப்பு. திறக்க 5555, தொடங்க ஒன்று, புதுப்பிக்க ஒன்று, மூன்றும் பெயரோடு. வேறு எதையும் அதில் எழுத வழியில்லை.

பழைய நிரலைப் புதிய ஹெடரோடு கம்பைல் செய்தபோது பிழைகள் மழையாகக் கொட்டின. பெரும்பாலானவை சாதாரணப் பெயர் மாற்றம். ஆனால் ஒன்று எங்களை உட்கார வைத்து யோசிக்க வைத்தது. எஃப்103-இல் எக்ஸ்டிஐக்கு ஒரே நிலுவை ரெஜிஸ்டர். ஜி030-இல் அது இரண்டாகப் பிரிந்திருக்கிறது: சிக்னல் ஏறும்போது வருவதற்கு ஒன்று, இறங்கும்போது வருவதற்கு ஒன்று. பழைய வரி கம்பைல் ஆகவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு ரெஜிஸ்டரே இல்லை. எங்கள் பேஸ் கண்காணிப்பு சிக்னல் எந்தப் பக்கம் போகும்போது இன்டரப்ட் வர வேண்டும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. சுற்று வரைபடத்தை எடுத்துப் பார்த்தோம். பேஸ் போகும்போது சிக்னல் இறங்குகிறது. பழைய நிரல் இரண்டு பக்கத்துக்கும் இன்டரப்ட் வைத்துவிட்டு, வந்தபின் பின்னைப் படித்து முடிவு செய்திருக்கிறது. பேஸ் ஒரு கணம் போய் உடனே திரும்பினால், படிக்கும் நேரத்தில் பின் மேலேறியிருக்கும், அந்த இடறல் எங்கும் பதிவாகாது. இப்போது இறங்குவதற்கான கொடியை மட்டும் தனியாகப் பார்க்கிறோம்.

ரிலேக்கள் எல்லாம் பிஎஸ்ஆர்ஆருக்கு மாறிவிட்டன. ஓடிஆருக்கு எழுதும் செயற்கூறையே உருவாக்க வேண்டாம் என்று திருத்தக் கோப்பில் படிக்க மட்டும் என்று குறித்துவிட்டோம். சிப்பின் உண்மைப்படி அது பொய், எங்கள் பெட்டிக்கு அது சட்டம்.

---

சாலிடர்புகை | மஞ்சக்குப்பம், கடலூர்

அந்தக் கடைசித் தந்திரம் நன்று. ஆனால் சிப்பைப் பற்றிய திருத்தத்தையும் உங்கள் பட்டறைச் சட்டத்தையும் ஒரே கோப்பில் கலக்காதீர்கள். இரண்டு தனிக் கோப்பாக வையுங்கள். நாளை வேறு ஆள் வந்து மேனுவலோடு ஒப்பிட்டால் குழம்பிப்போவார்.

எஸ்விடி மேல் எனக்குள்ள சந்தேகத்தைத் தீர்க்க ஒரு சோதனையும் சொல்கிறேன். உங்கள் பைத்தான் நிரலையே இன்னொரு பட்டியலையும் உருவாக்கச் சொல்லுங்கள்: ஒவ்வொரு ரெஜிஸ்டரின் முகவரி, எஸ்விடி சொல்லும் ரீசெட் மதிப்பு. சிப் விழித்தவுடன், வேறு எதையும் தொடுமுன், இந்தப் பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்து ஒப்பிட்டு, வேறுபடுவதை அச்சிடும் சிறிய நிரல் ஒன்று. முகவரியில் தவறு இருந்தால் இதில் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். பெரிஃபெரலுக்குக் கிளாக் கொடுத்துவிட்டுப் படியுங்கள். கிளாக் இல்லாவிட்டால் 0 வரும், அதை எஸ்விடியின் தவறு என்று எண்ணி அலைய வேண்டியிருக்கும்.

---

அலைவரிசை | காலாப்பட்டு

இந்தச் சோதனையை நான் எழுதித் தரலாமா அண்ணா? எங்கள் ஆய்வகத்தில் ஜி030 பலகை இருக்கிறது. எழுத மட்டுமான ரெஜிஸ்டர்களைத் தவிர்க்க வேண்டும் என்பது புரிகிறது. வேறு எதையாவது விலக்க வேண்டுமா?

---

கெடிலக்கரை | திருப்பாதிரிப்புலியூர்

படித்தாலே நிலை மாறும் ரெஜிஸ்டர்களை. யூசார்ட்டின் பெறும் தரவு ரெஜிஸ்டரைப் படித்தால் 'தரவு வந்தது' என்ற கொடி அழியும். ஏடிசியின் தரவு ரெஜிஸ்டரைப் படித்தால் 'மாற்றம் முடிந்தது' என்ற கொடி அழியும். இதைக் குறிக்கவும் எஸ்விடியில் தனிக் குறி உண்டு, ஆனால் கோப்பில் அதை நிரப்பியிருப்பார்கள் என்று நம்பிவிடாதே. மேனுவலைப் பார்த்து நீயே திருத்தக் கோப்பில் சேர்த்துவிட்டு, அந்தக் குறி உள்ள எதையும் பட்டியலில் ஏற்றாதபடி எழுது.

---

முதுநகர் | கடலூர் முதுநகர்

தாராளமாக எழுதுங்கள், தங்கை. ஹெடர், இரண்டாகப் பிரித்த திருத்தக் கோப்புகள், பைத்தான் நிரல் மூன்றையும் இன்று மாலை இங்கே இணைக்கிறேன். ஜிபிஐஓ ஏ, ஆர்சிசி இரண்டிலிருந்தும் தொடங்கினால் எங்களுக்கு முதலில் உதவும்.